யாரும் படிக்காத பத்து வரி

வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போக இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் நம்மாள் நாற்பது கடைக்காரர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்துவிடுவான். மருந்துக் கடைப் பலகையில் எழுத்துக்கு நிழல், நிழலுக்கு ஓரம், ஓரத்துக்குத் தங்க நிறம்: தூக்கு. சலவைக் கடைப் பலகையில் சட்டை சிரிக்கிறது: தூக்கு. பல் டாக்டர் தன் பெயரைவிடப் பட்டங்களைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்: அவரை இரண்டு முறை.

டிசைனர் ஆகி இரண்டே முக்கால் மாதம்தான். ஆனால் அருவருப்பில் முப்பது வருஷ அனுபவம்.

அவனுடைய போனில் 'உத்வேகம்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். எங்கேயோ கடல் தாண்டி, மனிதர்களே இல்லாத அறைகளில் தொங்கும் போஸ்டர்கள். ஒன்றுமே விற்காத விளம்பரங்கள். அது போதாதென்று, பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடக்கும் பளபளப்பான பத்திரிகைகளிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவான். கிழிக்கும் சத்தம் கேட்காமலிருக்க இருமுவான். இதற்காகவே இல்லாத பல்வலிக்கு மூன்று தடவை போக, டாக்டரும் சும்மா விடாமல் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். கலைக்காகப் பல்லைக் கொடுத்தவன் என்று அவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டான். வெளியே சொல்லவில்லை.

அவன் வேலை பார்த்த இடம் ஒரு மாடியறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரெல்லாம் பழைய மாதிரிகள். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது மேலே மேசையிலிருக்கும் டம்ளர் தானாக நகரும். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு போகிற இடம். அங்கே போய் இவன் முதல் நாளே, "எனக்கு இன்ஸ்பிரேஷன் வர நேரம் வேணும் சார்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து முதலாளி தினமும் காலையில் கேட்பார்.

"என்ன தம்பி, வந்துச்சா?"

"இன்னும் வரலை சார்."

"வெந்நீர் குடிச்சுப் பாரு."

அங்கே இன்னொருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அக்கா. ஒரு நாளைக்குப் பதினைந்து நோட்டீஸ் போடுவாள், ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டாள். மேட்டர் வராத வேலைக்கு, அதாவது உள்ளே வர வேண்டிய வாசகத்தை வாடிக்கையாளர் இன்னும் கொடுக்காத வேலைக்கு, இடத்தை அடைக்க அன்றைய பேப்பரிலிருந்து இரங்கல் செய்தியை எடுத்து ஒட்டிவைப்பாள். "செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்பாள். மேட்டர் வந்ததும் இரங்கலை எடுத்துவிட்டு அதைப் போடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு பிணம்கூடத் தப்பி அச்சுக்குப் போனதில்லை.

நம்மாளுக்கு இந்த அக்காவைப் பார்த்தாலே உடம்பு கூசும். ஒரே நோட்டீஸில் ஒன்பது வகை எழுத்து போட்டுவிட்டு நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிடுகிறாளே, இவளுக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா என்று யோசிப்பான்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது முதலாளி கூப்பிட்டார்.

"சனிக்கிழமையோட உன் சோதனைக் காலம் முடியுது. இதுவரைக்கும் நீ பண்ணது ரெண்டு விசிட்டிங் கார்டு. அதுல ஒண்ணு உன்னோடது."

"ஆமா சார்."

"அதையும் உங்கம்மா வாசிக்க முடியலைன்னு என்கிட்டயே சொன்னாங்க. சரி, போகட்டும். ஒரே ஒரு வேலை. ஆரம்பத்துலேர்ந்து அச்சு வரைக்கும் நீயே பண்ணு. சனிக்கிழமைக்குள்ள வாடிக்கைக்காரங்ககிட்டேர்ந்து ஒரு புகார் வரக் கூடாது. வரலைன்னா வேலை நிரந்தரம். வந்துச்சுன்னா உங்க மாமா கடை இருக்கவே இருக்கு."

மாமா கடை என்பது குழாய்க் கடை. முழங்கைக் குழாய், மூணு வாய்க் குழாய், தேய்ந்துபோன வாஷர். மாமா ஏற்கெனவே அவனுக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டுவிட்டார். "டிசைன் எல்லாம் முடிச்சுட்டு மெதுவா வரட்டும்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த 'மெதுவா' என்ற வார்த்தையில் இருந்த இரக்கத்தை நினைத்தால் நம்மாளுக்குச் சோறு இறங்காது.

திங்கட்கிழமை வந்தது அந்த ஒரே வேலை. வந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா. ஐம்பது வயதிருக்கும். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த வேகத்தில், நாற்காலியையும் ரிவர்ஸ் எடுத்து உட்கார்ந்தார்.

"அஞ்சாயிரம் நோட்டீஸ். ஞாயித்துக்கிழமை பேப்பருக்குள்ள வச்சுக் குடுக்கணும். கார் படம் வேணும். என் படம் வேணும். எங்க வீட்டுக்காரர் படம் வேணும்."

"அவரும் சொல்லித் தருவாரா?"

"அவருக்கு ஓட்டவே தெரியாது. அப்புறம் ஒரு சிங்கம்."

"சிங்கமா?"

"சிங்கம் தம்பி. பிடரியோட."

"மேட்டர்?"

"நாளைக்குத் தர்றேன்."

நம்மாள் உள்ளுக்குள் அழுதான். வெளியே, "பார்க்கலாம்மா" என்றான். அன்று முழுக்க ஃபோல்டரைத் துழாவினான். ஆயிரத்து எழுநூறாவது படத்தில் தெய்வம் கண்ணைத் திறந்தது. பனி நாட்டுப் போஸ்டர் ஒன்று. முழுக்க வெள்ளை. குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கீழே மூலையில், எறும்பு வரிசை மாதிரி சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து. என்ன விற்கிறார்கள் என்றே தெரியவில்லை. அதுதானே அழகு!

அதே மாதிரி செய்தான். வெள்ளைத் தாள். ஒரு கோடு மெதுவாக வளைந்து போகிறது: அது சாலை. கோட்டின் முனையில் போன் நம்பர். கீழே மூலையில் பத்து வரி வர வேண்டும். மேட்டர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனும் வரவில்லை.

"இரங்கல் வேணுமா தம்பி?" என்றாள் அக்கா. "இன்னிக்கு நல்ல பெரிய ஆளா ஒருத்தர் போயிருக்காரு. பத்து வரி தாராளமா வரும்."

"வேணாம்க்கா. நானே எழுதிக்கிறேன்."

எழுதினான். மூன்று நாள் எரிச்சல் பத்தே வரியில் இறங்கியது:

'இந்த இடத்தில் பத்து வரி வர வேண்டும். மேட்டரை நாளைக்குத் தருகிறேன் என்று அந்த அம்மா திங்கட்கிழமை சொன்னார். செவ்வாயும் சொன்னார். அவர் காலண்டரில் நாளை என்று ஒரு தனிக் கிழமை இருக்கிறது போல. அவருக்குச் சிங்கம் வேண்டுமாம். கார் ஓட்டப் பழக வருகிறவனைச் சிங்கம் என்ன செய்யும்? கடிக்கும். கணவர் படமும் வேண்டுமாம். அவருக்கு ஓட்டவே தெரியாதாம். பிணத்தின் படத்தைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு விளம்பரம் செய்வது போல. இதைப் படிக்கிறவரே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா? இந்நேரம் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாமே.'

அதை ஆறு பாயிண்ட் என்ற எறும்பு அளவில், வெளிர் சாம்பலில் வைத்தான். திரையிலிருந்து ஆறடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தான். வெளிநாட்டு டிசைனர் ஒருத்தர் வீடியோவில் சொல்லிக்கொடுத்த முறை அது. தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கினால் எழுத்து எழுத்தாகத் தெரியாது. ஒரு நிறமாகத் தெரியும். அந்த நிறம் பக்கத்தில் சரியாக உட்கார்ந்தால் டிசைன் சரி. உட்கார்ந்திருந்தது. கீழே அழகான சாம்பல் பட்டை. அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு அது வாசகம் இல்லை, பட்டை.

வியாழக்கிழமை அந்த அம்மாவுக்குப் போனில் மாதிரி அனுப்பினான்.

"சிங்கம் எங்க தம்பி?"

"சிங்கம் அந்தக் கோட்டோட வேகத்துல இருக்கும்மா. வெளிநாட்டுல இப்ப எல்லாம் இப்படித்தான்."

தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்? "சரி, நல்லாத்தான் இருக்கு" என்றார். இவன் சிரித்துக்கொண்டான். வெளிநாடு என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் வாயை மூடுகிறார்களே!

வெள்ளிக்கிழமை மதியம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. எட்டு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. கீழே, 'தம்பி அனுப்பிட்டேன்' என்று ஒரு வரி. எட்டு நிமிஷமும் சிங்கமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினான் நம்மாள். கேட்கவில்லை. பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

சாயங்காலம் அச்சுக்குக் கொடுக்கும்போது அக்கா கேட்டாள்: "ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கட்டுமா தம்பி?"

"வாசிக்கிறதுக்கு என்னக்கா இருக்கு? இது டிசைன்."

அக்கா இரங்கல் செய்திக்குத் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் பத்துக் கட்டு வந்து இறங்கின. ஒன்றைப் பிரித்து, மை வாசனையை இழுத்தான். ஆஹா. கோடு அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. வெள்ளை வெள்ளையாக இருந்தது. பெருமையோடு தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பக்கத்தில் கொண்டுபோனதுதான் தப்பு. பட்டை எழுத்தாக மாறியது. 'இந்த இடத்தில் பத்து வரி வர வேண்டும்.'

தாளைச் சட்டென்று கட்டின் மேல் கவிழ்த்து வைத்தான்.

முதலாளி வந்து ஒரு தாளை எடுத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "வேலை எங்கப்பா? தாளை மட்டும் அனுப்பிச்சிருக்காங்க?" என்றார். கோட்டைக் காட்டினான். "ஓ" என்று வைத்துவிட்டுப் போனார். அக்கா ஒரு தாளை எடுத்து அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தாள். பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். "நம்பர் சரியா இருக்கா? இருக்கு. மேட்டர் கீழ வந்துடுச்சா? வந்துடுச்சு" என்று விரலால் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒருத்தர். ஒருத்தர்கூடப் படிக்கவில்லை.

"புகார் இல்லை போல" என்றார் முதலாளி மதியம். "சாயங்காலம் வரைக்கும் பார்க்கிறேன். திங்கட்கிழமை கடிதம் அடிச்சுத் தர்றேன்."

பிழைத்தான். ஆனால் பிழைத்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. டிசைன் அவ்வளவு மோசமாக இருந்ததால்தான் பிழைத்திருக்கிறான் என்பது மெதுவாக உறைத்தது. ஊரில் உள்ள அத்தனை பலகையையும் தூக்கில் போட்டவன் இவன். அந்தச் சிரிக்கிற சட்டையையாவது நாலு பேர் பார்த்துச் சட்டை கொண்டுபோய்ப் போடுகிறார்கள். இவன் ஐயாயிரம் தாளில் ஒரு பெண்பிள்ளையைத் திட்டியிருக்கிறான். அவரே விரலால் தடவிப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தான். "கோடு நல்லா இருக்குப்பா" என்று அம்மா மடித்து வைத்துக்கொண்டாள். தங்கச்சி விடவில்லை. அவளுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. போன் கேமராவை வைத்துப் பெரிதாக்கி வாசித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அண்ணா, இது நாளைக்கு ஊரு பூரா போகுதா?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"நான் படிச்சேனே."

"உனக்கு வேற வேலை இல்லை."

"அதையும் எழுதியிருக்க. அந்தம்மா உன்னை என்ன பண்ணாங்க?"

"மேட்டரே தரலை."

"குடுக்கவே இல்லையா?"

அப்போதுதான் அந்த எட்டு நிமிஷம் ஞாபகம் வந்தது. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போட்டான்.

"தம்பி, பதிவாகுதா... ஆகுது, சிவப்பா வருது. மேட்டர் எழுதலாம்னு நாலு நாளா உக்காந்தேன், எழுத வரலை. அதான் பேசிடுறேன், நீங்க நல்லபடியா எழுதிக்குங்க. முதல் வரி, பயப்படுறவங்க வரலாம். அப்படியே போடுங்க. பயமே இல்லாதவன் எங்கிட்ட வர வேண்டாம், அவன் இடிச்சுடுவான். ஏய், பிரேக்! பிரேக்குடா! அது பிரேக் இல்லை, அது என் காலு! ஒண்ணுமில்லை தம்பி, ஸ்டூடன்ட். நான் கத்துக்கிட்டது நாப்பத்தோரு வயசுல. அஞ்சாவது நாளு, நாலு ரோடு சேர்ற இடத்துல வண்டி நின்னுபோச்சு. பின்னாடி பத்து வண்டி, ஒரே ஹாரன். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அதைப் போடாதீங்க. வீட்டுக்காரர் அன்னிக்குப் பின் சீட்டுல இருந்தாரு. இறங்கிப் போயி, கையை நீட்டிப் பத்து வண்டியையும் நிறுத்திட்டு, 'மெதுவா எடும்மா, எங்கயும் தீப் பிடிக்கலை'ன்னாரு. அதுக்கப்புறம் நான் வண்டியை நிறுத்தினதே இல்லை. அந்த மனுஷன் படம் ஒரு ஓரமா இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன். உங்க டிசைன்ல இடமில்லைன்னா விட்டுடுங்க. சிங்கம் சும்மா, ஒரு தைரியத்துக்கு..."

இன்னும் நாலு நிமிஷம் ஓடியது. தங்கச்சி எழுந்து போய் அவன் செருப்பை எடுத்து வந்து முன்னால் போட்டாள்.

மணி ஐந்தரை. பேப்பர் ஏஜென்ட் கட்டுகளை ஏழு மணிக்கு வாங்குவான். நம்மாள் ஓடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பலகையையும் பார்க்காமல் ஓடினான்.

அந்த அம்மா வாசலில், கட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். இவன் மூச்சு வாங்கியதைப் பார்த்து, "என்ன தம்பி, நாய் துரத்துச்சா?" என்றார்.

"அம்மா, இதைக் குடுக்காதீங்க. கீழ இருக்கறது உங்க மேட்டர் இல்லை. நான் எழுதினது."

"என்ன எழுதினீங்க?"

தாளை நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டார். போதவில்லை. போனில் டார்ச் போட்டார். தாளை மூக்கு வரை கொண்டுபோனார். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய வாசித்தார். பத்து வரிக்கு அத்தனை நேரமா? இவனுக்குக் குழாய்க் கடை கண்ணில் தெரிந்தது.

டார்ச்சை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன எழுத்து?"

"அம்மா..."

"திட்டுறதை இவ்வளவு சின்னதாவா திட்டுவ? ஐயாயிரம் தாளு, ஊரு பூரா போகப்போகுது, அதுல ஒருத்தர் காதுலயும் விழாத மாதிரி திட்டியிருக்க. பயந்தாங்கொள்ளி."

தலையைத் தொங்கப்போட்டான்.

"பயப்படுறவங்க வரலாம்னு நான் சொன்னது கார் ஓட்ட. நோட்டீஸ் அடிக்க இல்லை. உங்க முதலாளி நம்பரைப் போடு."

போட்டுக் கொடுத்தான். ஸ்பீக்கரில் முதலாளி குரல் தேன் மாதிரி வந்தது.

"நான் குடுத்த மேட்டர் நோட்டீஸ்ல வரலை" என்றார் அம்மா.

"வந்திருக்காதும்மா. கோவிச்சுக்காதீங்க, நீங்க கடைசி நேரத்துல குடுத்திருப்பீங்க. சின்னப் பையன், அவன் என்ன பண்ணுவான்?"

அம்மா இவனைப் பார்த்தார். வாசல் கதவை முதலாளியே திறந்து வைத்திருக்கிறார்; இவன் வாயை மூடிக்கொண்டு நடந்து போனால் போதும். வேலை நிரந்தரம்.

"இல்லை சார்" என்றான். "வெள்ளிக்கிழமை மதியமே குடுத்துட்டாங்க. நான்தான் கேக்கலை. அங்க இருக்கறது நான் எழுதினது."

"நீ எழுதினதா? என்ன எழுதினே?"

அதற்குள் அங்கே தாளைத் தேடும் சத்தம் கேட்டது. டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். "அக்கா, உன் கண்ணு நல்லா இருக்கும், இதை வாசி" என்றார். அக்கா வாசித்தாள். இரங்கல் வாசிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. 'கடிக்கும்' என்ற இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. சிரிப்பா, இருமலா என்று தெரியவில்லை.

தாளை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி."

"சார்."

"இது புகார்தானே?"

"புகார்தான் சார்."

"அப்ப நிரந்தரம் கிடையாது."

"சரி சார்."

"இருபது வருஷமா நோட்டீஸ் அடிக்கிறேன். நம்ம நோட்டீஸ்ல ஒண்ணைக் கடைசி வரி வரைக்கும் கேட்டது இன்னிக்குத்தான். அந்த எழவுக்காகச் சொல்றேன், திங்கட்கிழமை வா. முதல்லேர்ந்து மூணு மாசம். அக்கா வாசிக்காம ஒரு புள்ளி வெளிய போகக் கூடாது. நாளைக்கு இந்தம்மாவோட உக்காந்து மறுபடி போடு. பேப்பர் அடுத்த ஞாயித்துக்கிழமை."

போன் வைக்கப்பட்டது. அம்மா கட்டுகளை அவன் கையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். மெதுவாகக்கூடக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியறையில் மூன்று பேர். அக்கா லீவு நாளிலும் வந்துவிட்டாள். இப்படி ஒரு வேடிக்கை வருஷத்துக்கு ஒன்றுதான் வரும் என்றாள். நம்மாள் எட்டு நிமிஷத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு அடித்தான். 'பயப்படுறவங்க வரலாம்' என்பதை மேலே வைத்தான்.

"பெருசா" என்றார் அம்மா.

பெரிதாக்கினான்.

"இன்னும்."

ஆக்கினான். பாதித் தாளை அது தின்றுவிட்டது. கோடு ஒரு மூலைக்குப் போய் மண்புழு மாதிரி சுருண்டது. வீட்டுக்காரர் வலது பக்கம், கையை நீட்டியபடி பத்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்காக அவர் காலையில் தெருவில் நின்று ஒரு குப்பை வண்டியை நிஜமாகவே நிறுத்தியிருக்கிறார். அக்கா ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துச் சரி பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா, தம்பி."

நம்மாள் உதட்டுக்குள் ஏதோ முனகினான்.

"என்ன முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்லைம்மா."

"சொல்லு."

"அசிங்கமா இருக்குன்னேன்."

"கேக்கலை."

"அசிங்கமா இருக்கு!" என்றான். கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

"அப்படி" என்றார் அந்த அம்மா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "இப்பதான் உனக்குத் திட்ட வருது. இன்னும் பெருசாக்கு."